பக்கத்து வீட்டுப் பகல் சோறு

என் மச்சி நபீலாமேல் எனக்குப் பொறாமை. இருபது வருடப் பொறாமை, மறைக்க ஒன்றுமில்லை. அவள் என் கணவரின் தங்கை. பதுளைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவள் சேலைச் சரிகையைவிட ஒரு விரற்கடை அகலமான சரிகை இல்லாமல் நான் எந்தப் பெருநாளும் கொண்டாடியதில்லை.

பதுளைக்கு ரயில் வந்த மறுவருடம், அவள் மகன் காமிலும் என் மகன் ஹுமைதும் இஞ்சினியர் படிப்புக்கு எழுதிப் போட்டார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு மெஷின் தெரிந்த ஆட்கள் வேண்டுமென்று ஊரிலேயே புதிதாக ஒரு கல்லூரி திறந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் அங்கே இடம் கிடைத்தது. கொழும்பிலும் கிடைத்தது. நபீலா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"நாலு எட்டு வெச்சா கல்லூரி. பகலைக்கி வந்து என்னோட சோறு திம்பான்," என்றாள்.

ஹுமைதுக்கும் ஊர்க் கல்லூரிதான் பிடித்திருந்தது. நான் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் படித்தால் காமில்தான் முதலாவதாக வருவான். அதை நபீலா வாயால் கேட்டுக்கொண்டு நான் உயிரோடு இருக்க வேண்டும். கொழும்பு என்றால் கொழும்புதான். மகனை ரயிலேற்றிவிட்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு கிழமை தாங்கவில்லை. தினமும் பகல் தொழுகை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். தாயும் மகனும் ஒரே சஹன் தட்டில் கைபோட்டு, மெஷின் கதை பேசிச் சிரித்துச் சாப்பிடுவது சுவர் வழியே கேட்கும். கணவர் கடையில் இருப்பார். நான் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன், ஒரு கவளம் இறங்காது. அவளிடம் இருப்பதைவிடப் பெரியதைப் பிடித்து வைத்திருந்தேன். ஆனாலும் அவளிடம் இருந்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு ஹுமைத் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூன்றாம் நாள் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"உம்மா, எனக்கி அங்க இரிக்க ஏலா. இங்க இன்னம் எடம் இரிக்கிதாம், காமில் விசாரிச்சிட்டான். நான் இங்கயே படிக்கிறேனே."

எனக்கும் வேண்டியது அதுதான். இருந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால் நபீலா சிரித்தாள். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தாளோ, பூனையைப் பார்த்துச் சிரித்தாளோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

"ஆம்புளப் புள்ளையா நீ? ஊரு சிரிக்கும். கொழும்புக்கே போய்ப் படி," என்றேன்.

அவன் எழுந்து போய்ப் பெட்டியை அடுக்கினான்.

ரயிலடிக்கு நபீலாவும் வந்தாள். வழியனுப்ப வந்தாளா, வேடிக்கை பார்க்க வந்தாளா என்று எனக்குச் சந்தேகம். வண்டி ஊதியபோதும், நகர்ந்தபோதும் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வருகிறதா என்றே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கை காட்டிக்கொண்டிருந்தாள். என் பிள்ளைக்கு இவள் என்ன அழுகை அழுவது என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

வண்டி வளைவில் மறைந்த பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் மச்சி, புள்ள உம்மா, உம்மாண்டு கூப்பிட்டுக்கிட்டே போறான். நீங்க ஒருக்காகூட அவன்ட மொகத்தப் பாக்கல்லயே," என்றாள்.