ஐஸ் மேல் வைத்த நூடில்ஸ்

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்? அந்தப் பிள்ளை..."

"கத்தாதேங்கோ. பச்சைத் தண்ணியிலை கழுவி அப்பிடியே..."

"அவை அப்பிடித்தான் சாப்பிடுறவை எண்டு நிஷாந்தன் சொன்னவனெல்லே!"

"முதல்முதல் வீட்டை வந்த பிள்ளை. அவளுக்கு ஆறின சாப்பாட்டையோ வைக்கிறது? சுட வைச்சுக் குடுப்பமெண்டுதான்..."

"சுட வைச்சதோ இது? களி கிண்டியிருக்கிறீர்!"

கணவர் உருத்திரமூர்த்தி காட்டிய தாச்சிச் சட்டியைச் சிவமலர் பார்த்தாள். களிதான். மகன் நிஷாந்தன் கட்டப்போகும் ஹருகா, பக்வீட் என்ற தானிய மாவில் செய்த சோபா நூடில்ஸை அவித்து, குளிர்ந்த நீரில் இரு கையாலும் அலசி, ஐஸ் கட்டிகளின் மேல் சின்னச் சின்னச் சுருளாக அடுக்கியிருந்தாள். ஜப்பானிலிருந்து அவளுடைய தாய் ஜெர்மனியின் எசன் நகருக்கு அனுப்பிவைத்த நூடில்ஸ். தொட்டுச் சாப்பிடக் கிண்ணங்களில் சோயாச் சாறும் ஆயத்தம். வெங்காயத் தாள் இல்லையென்று நிஷாந்தனோடு அவள் கீழே கடைக்கு இறங்கியதுதான் தாமதம், சிவமலரின் கை சும்மா இருக்கவில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், தாராளமாய்க் கறித்தூள். கோதுமை நூடில்ஸ் என்றால் தாங்கியிருக்கும். இது தாச்சியில் விழுந்ததும் கரைந்துபோனது.

கதவு திறந்தது. வெங்காயத் தாளோடு வந்த ஹருகா தாச்சியைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"ஆர் செய்தது?" என்றான் நிஷாந்தன்.

சிவமலருக்கு நாக்கு முந்திக்கொண்டது. "அப்பாவுக்குத்தானே பசி பொறுக்கேலாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று விளங்கியது. உருத்திரமூர்த்தி அவளை ஒருதரம் பார்த்தார். முட்டை பொரிக்கவும் தெரியாத மனிதர்.

"ஓம்," என்றார். "எனக்குப் பசி."

"என்னப்பா நீங்கள்! ஒரு கொஞ்சநேரம் பொறுக்கேலாதே? எப்பவும் உங்கடை வயிறுதான் உங்களுக்குப் பெரிசு!" நிஷாந்தன் தகப்பனிடம் சீறினான்.

இப்போதாவது சொல்லிவிடலாம். சிவமலர் வாயைத் திறந்தாள். பிறகு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஹருகாதான் அவனை அடக்கினாள். பையில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் சொல்லி, மறுபடி அவித்தாள், அலசினாள். ஆளுக்குக் கொஞ்சமாய்த்தான் வந்தது. சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டுமாம். உருத்திரமூர்த்தி உறிஞ்சியதில் மீசையெல்லாம் சாறு. அவள் சிரித்தாள். சிவமலரும் ஒரு வாய் உறிஞ்சினாள். பல்லில் குளிர்ந்து, பிறகு வறுத்த தானியம் போல மெல்ல மணத்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

உருத்திரமூர்த்தி தன் பங்கை முடித்துவிட்டு, ஒருவரும் தொடாத தாச்சியைத் தன்பக்கம் இழுத்தார். அந்தக் களியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணால் நீர் வடிந்தது. அவள் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

ஹருகா சிவமலரின் காதருகே குனிந்தாள்.

"அடுத்தமுறை நீங்களும் நானும் சேர்ந்து சமைப்போம், அன்ரி. அங்கிளைக் குசினிக்குள் விடவே வேண்டாம்."