தனி ஆளுக்கு வீடு

தூத்துக்குடி பேருந்து நிலையத்தில் கணவர் டெனிஸை இரண்டாவது முறை கண்டுபிடித்துக் கூட்டி வந்த அன்றுதான் ஜெயசீலி ஊரைவிட்டுக் கிளம்ப முடிவு செய்தாள். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு, தன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது மறந்துவிட்டிருந்தது. மகள் கெசியா சென்னை மேடவாக்கத்தில் மாமனார், மாமியாரோடு இருந்தாள். அங்கே கூடுதலாக இருவருக்கு இடமில்லை. பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு பார்க்கும்வரை என்று தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கினார்கள்.

எந்த ஏரியா என்பதில்தான் இழுபறி. கெசியாவுக்கு மேடவாக்கமே போதும். ஆனால் அங்கே பார்த்ததெல்லாம் மூன்றாவது மாடி, நான்காவது மாடி. கீழே இறங்கினால் தண்ணீர் லாரிகள் விரட்டும் ரோடு. கண்ணிமைக்கும் நேரத்தில் டெனிஸ் வாசலைத் தாண்டிவிடுவார். வண்டலூரில் அமைதியான தனி வீடுகள் கிடைத்தன. ஆனால் டாக்டரும் தூரம், மகளும் தூரம். ராஜகீழ்ப்பாக்கம்தான் ஜெயசீலிக்குப் பிடித்தது. நடக்கும் தூரத்தில் சர்ச், ஒரே பஸ்ஸில் மகள் வீடு.

அங்கே புரோக்கர் குப்புராஜ் காட்டிய முதல் வீட்டுக்கு டெனிஸையும் கூட்டிப் போனாள். ஹவுஸ் ஓனர் சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது டெனிஸ் மெல்ல நழுவி, ஓனருடைய படுக்கையறைக்குள் போய்ச் செருப்போடு கட்டிலில் படுத்துக்கொண்டார். எழுப்பப் போனவரிடம், "நீ எந்த கிளாஸ்? ஏன் வெளிய நிக்கற?" என்று அதட்டினார். மறுநாள் ஓனர் போன் செய்து, வீடு தன் உறவினர் ஒருவருக்கு வேண்டும் என்றார். அடுத்த இரண்டு வீடுகளிலும் ஏறக்குறைய அதேதான்.

"யக்கா, தப்பா எடுத்துக்காதே. அடுத்த வாட்டி சாரை இட்டுகினு வராதே" என்றான் குப்புராஜ்.

"அவர் யாரையும் ஒண்ணும் செய்யமாட்டாரே தம்பி."

"அதுக்கில்லக்கா. வூட்ல ஏதாச்சும் ஆயிட்ச்சுன்னா அப்புறம் வேற யாரும் குடி வரமாட்டாங்க. அந்த பேஜாருக்குத்தான் பயப்படறாங்கோ."

அதனால் தாயாரம்மாள் வீட்டுக்கு ஜெயசீலி தனியாகப் போனாள். கெசியா லீவு போட்டு அப்பாவோடு லாட்ஜில் இருந்தாள்.

தாயாரம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். அந்தப் பக்கம் வயல்களாக இருந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கிற குடும்பம். மாடியில் அவள், கீழே வாடகைக்கு விடும் வீடு. சுற்றிலும் சுவர், பூட்டுகிற மாதிரி இரும்பு கேட். ஜெயசீலி அந்த கேட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். டெனிஸ் இதைத் தாண்டிப் போக முடியாது.

"எத்தினி பேரும்மா நீங்க?" என்று தாயாரம்மாள் கேட்டாள்.

ஜெயசீலி வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "முன்னாடியே சொல்லிடறேன். எங்க வூட்டுக்காரரு இந்தக் கீழ் ரூம்லதான் எட்டு மாசம் படுத்துகினு இருந்தாரு. எல்லாம் நான்தான் பாத்தேன். இனிமே இந்த வூட்ல ஒரு நோவாளியப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. உன் வூட்டுக்காரரு?"

"இல்லம்மா" என்றாள் ஜெயசீலி.

கூட வரவில்லை என்பதைத்தான் சொல்ல நினைத்தாள். அப்படித்தான் பிற்பாடு தன்னிடமே சொல்லிக்கொண்டாள். ஆனால் தாயாரம்மாளின் முகம் இளகியதைப் பார்த்தபோது, அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பது தெரிந்தது. திருத்தவில்லை.

"ஒண்டியா கீறவ கஷ்டம் எனக்குத் தெரியும்மா" என்று தாயாரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வந்துடு."

லாட்ஜுக்குத் திரும்பி மகளிடம் சொன்னபோது ஜெயசீலிக்கு அழுகை வந்தது. "சாமான் இறக்குற அன்னைக்கு உண்மையைச் சொல்லிருவேன்" என்றாள்.

கெசியா அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு, "வண்டலூர்ல ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன்மா. நர்ஸ் இருக்காங்க. அப்பாவை அங்க விட்டுட்டு நீ மட்டும் அந்த வீட்ல இரு. யோசிச்சுப் பாரேன்" என்றாள்.

"உங்க அப்பா உயிரோட இருக்கார்டி."

"நான் இல்லைன்னா சொன்னேன்? நீதானே சொல்லிட்டு வந்திருக்க."



குடிபோன அன்று டெனிஸை மேடவாக்கத்தில் மகள் வீட்டில் விட்டிருந்தார்கள். ஜெயசீலி மூன்று முறை மாடிப்படி ஏறினாள், மூன்று முறையும் பாதியில் இறங்கினாள். மூன்றாவது முறை இறங்கும்போதுதான் கெசியா போனில் அழைத்தாள். கதவு திறந்திருந்த நேரத்தில் அப்பாவைக் காணவில்லை. நான்கு மணி நேரம் தேடினார்கள். ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில், வெறுங்காலில் கண்ணாடி குத்தி ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தார். ஜெயசீலியைப் பார்த்ததும், "பையனைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

கெசியாவின் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு, இனி தன்னால் முடியாது என்றார். காலில் கட்டோடு டெனிஸ் வண்டலூருக்குப் போனார். ஒரு மாதம் மட்டும் என்றுதான் பேச்சு.

ஜெயசீலி தினமும் மதியம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள். தாம்பரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. ஒரு மாதம் நான்கு மாதமானது.

ஒருநாள் தாயாரம்மாள் கேட்டருகே நின்று, "தெனிக்கும் எங்கம்மா போறே?" என்று விசாரித்தாள்.

"வண்டலூருக்கு. என் வீட்டுக்காரர் அங்க ஹோம்ல இருக்கார். ஞாபகம் போயிருச்சு." ஜெயசீலிக்கு இனி ஒளிப்பதற்குத் தெம்பில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

அந்தக் கிழவி பொய் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, "மாட்டேன்" என்றாள்.

ஆனால் இரண்டு நாள் கழித்து அவளே இறங்கி வந்து, "இட்டாந்துடு. ஆனது ஆவட்டும்" என்றாள். ஜெயசீலி அன்றே கெசியாவையும் கூப்பிட்டுக்கொண்டு வாடகைக் காரில் வண்டலூருக்கு விரைந்தாள். டெனிஸ் வாசல்வரை நடந்து வந்தார். காரைப் பார்த்ததும் வாசல் கதவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "யாரும்மா நீங்க? என்னை எங்க கொண்டுபோறீங்க? என்னை விட்டுருங்க" என்று கத்தினார். ஜெயசீலி அவர் தோளைத் தொட்டபோது இன்னும் அதிகமாக அலறினார். நர்ஸ் வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே அழைத்துப் போனாள். அவளோடு மறுபேச்சில்லாமல் நடந்தார்.

"இங்க பழகிட்டார்மா" என்று அவள் திரும்பி வந்து சொன்னாள். "இனிமே எடம் மாத்தாதீங்க."

கெசியா காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜெயசீலி பார்வையாளர் பெஞ்சில் காத்திருந்தாள். அவர் அமைதியான பிறகு உள்ளே போய், சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் தட்டைக் கவனிக்கத் தொடங்கினார்.