எங்கள் சார்பில் ஒரு நாற்காலி

சாதாரணப் பயனாளர் என்றால் யார் என்று எனக்குத் தெரியாது. நான்தான் அது என்று வினோத்ராஜ் வந்து சொன்னான். தேனியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். அனுமந்தன்பட்டியில் ஏலத்தோட்டத்துக்கு நாங்கள் ஜீப் ஏறும் இடத்துக்கே வந்து, இணையத்துக்கு விதி போடும் சபை ஒன்று சென்னையில் கூடுகிறது, அதில் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு என்றான்.

“ஏன்யா, இத்தனை பேரு நிக்கோம். என்னைய எதுக்குக் கூப்பிடுற?”

“நீங்கதான்க்கா நல்லாப் பேசுவீக.”

பேசுவேன். நான் வாயைத் திறந்தால் டிரைவரே ஜீப்பை ஓரங்கட்டிவிடுவான். ஆனால் நான் போகச் சம்மதித்தது மலையம்மாளுக்காக.

மலையம்மாள் என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகன் சூரியபிரகாஷ் அப்பனோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எங்கே இருக்கிறான் என்று சொல்வதில்லை. செல்போன் ஆப்பில் எப்போதாவது குரலை மட்டும் அனுப்புவான். “ஆத்தா, நல்லாருக்கேன். சாப்பிட்டியா?” அவ்வளவுதான். மலையம்மாள் ஆடியில் மலையேறினால் தையில்தான் இறங்குவாள். தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்கான வரிசை வீட்டிலேயே தங்கி ஏலக்காய் எடுப்பவள். அங்கே சிக்னல் கிடையாது. போனை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்றால் கேட்கமாட்டாள். அதில் இருக்கும் பழைய குரலையாவது கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஆறு மாதம் சிக்னலில் வராத கணக்கை மூடிவிடுவது பழைய விதி; அதில் அவள் எப்படியோ தப்பித்துவந்தாள். அதை மூன்று மாதமாகக் குறைப்பதைப் பற்றித்தான் சபையில் பேசப் போகிறார்கள் என்று வினோத்ராஜ் சொல்லியிருந்தான். கேட்டதும் மலையம்மாளுக்கு முகம் செத்துப்போனது.

“அடி பவானி, மூணு மாசம்னா ஐப்பசியிலயே என் கணக்கு போயிருமே. எப்படியாச்சும் வேணாம்னு சொல்லிட்டு வாடி.”

“சொல்லாம பின்ன? நான் எதுக்குப் போறேன்!”

வினோத்ராஜ்தான் கூட்டிப்போய், என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டான். சென்னை ஓட்டல் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. கம்பெனிக்காரர்களுக்கு வரிசையாக நாற்காலி, அரசாங்கத்துக்கு வரிசையாக நாற்காலி, கோடிக்கணக்கான சனத்துக்கு நான் ஒருத்தி. காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். அதற்குள் ஒரு பெண் தமிழ் என்று ஏதோ பேசினாள். பங்குதாரராம், கருத்தொருமையாம், கண்றாவி. மூன்று மாதம் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. மதியத்துக்கு மேல் நான் பேச இரண்டு நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பாடு முடிய நேரமாகிவிட்டதால் முதலில் வெட்டியது அந்த இரண்டு நிமிடத்தைத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இனி மூன்று மாதம்தான் என்று தலைவர் முடிவை வாசித்தார். உடனே ஒரு பெண் தட்டில் துணிப்பைகளை அடுக்கி ஆளாளுக்கு நீட்டிக்கொண்டு வந்தாள்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் முடிவைச் சொன்னதும் வெற்றிலைத் தட்டு வரும். எடுத்தவர் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டாலும் முடிவு அங்கேயே நின்றுவிடும், மறுபடி உட்கார்ந்து பேசியாக வேண்டும். வாய்க்கால் தண்ணீர் விவகாரத்தில் நானே ஒரு தடவை தட்டைத் தள்ளிவிட்டுப் பெரிய தலைகளையெல்லாம் சாயங்காலம்வரை உட்கார வைத்திருக்கிறேன்.

ஆகவே அந்தத் தட்டையும் தள்ளினேன். எல்லோரும் பார்க்கும்படி, ஒரு கும்பிடு போட்டு, நன்றாகவே தள்ளினேன். தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதிர்ப்பு இருந்தால் சொல்லலாம் என்று காதுக்குள் அந்தப் பெண் சொன்னாள். அதைத்தான் காட்டியாயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் மலையம்மாளிடம், “தட்டைத் தள்ளிவிட்டுட்டேன்டி. நிம்மதியா மலையேறு” என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆடியில் ஏறினாள்.

தையில் இறங்கியவள் சிக்னல் கிடைத்ததும் போனைத் திறந்திருக்கிறாள். புதிதாகக் கணக்குத் தொடங்கச் சொன்னது. மகன் குரல் ஒன்றுகூட இல்லை. பையை இறக்கி வைக்காமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஆத்திரத்தோடு வினோத்ராஜைக் கூப்பிட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அன்னைக்கே முடிவாயிருச்சேக்கா. ஒருத்தரும் எதிர்க்கலையே. நீங்களும் அங்கனதான இருந்தீக?”

“தட்டைத் தள்ளிவிட்டேனேய்யா! நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

“பை வேணாம்னு சொல்றது எப்படிக்கா எதிர்ப்பாகும்? பயனாளர் தரப்பும் ஒத்துக்கிட்டதா அறிக்கையில போட்டாச்சு. உங்க படத்தைக்கூடப் போட்டிருக்காக.”

“நாசமாப் போக உங்க அறிக்கை! இவ மகன் குரலுக்கு வழியச் சொல்லு.”

“அது வராதுக்கா. மகனோட தொடர்பும் அந்தக் கணக்கோட போச்சு. புதுக்கணக்குத் தொடங்கிட்டு, அவரா தேடி வந்தாத்தான். அப்புறம்க்கா, அடுத்த கூட்டத்துக்கும் உங்க பேரத்தான் குடுத்திருக்கேன். சாதாரண சனம்னா உங்க மாதிரி ஆள்தான் வேணும்னு தலைவரே சொன்னாக.”

போனை வைத்துவிட்டேன். மலையம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் யாரையாவது திட்டித் தீர்த்திருப்பேன். காலடியில் பையை வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

“தீபாவளிக்கு அவன் கூப்பிட்டிருப்பான்ல பவானி. ஆள் இல்லைன்னு காட்டியிருக்கும்ல. ஆத்தா செத்துப்போச்சுன்னு நெனச்சிருப்பானா, கோவத்துல ஆத்தாளே கணக்கை அடைச்சுப்புட்டுச்சுன்னு நெனச்சிருப்பானா?”