காயாத நீலம்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள்: ரஞ்சித், அவன் அம்மா காமாட்சியம்மாள், வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த மாமனார் தேவநாதன், நாலு மாதம் கழித்து இந்த வாசற்படி ஏறிய மனைவி உமாதேவி, அவள் துப்பட்டாவை விடாத ஐந்து வயதுப் பாப்பா, மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் இசக்கி. இசக்கியை யாரும் கூப்பிடவில்லை. பெயிண்ட் வாசனை பிடித்து இறங்கி வந்திருந்தான்.

ஆறு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவர் நீலமாக இருந்தது. கடையில் விற்கிற சுவர் நீலம் இல்லை, வெயிலில் நிறுத்திய புதுக் காரின் நீலம். வியாழக்கிழமை அடித்தது. மூன்று நாளாக ஸ்டாண்டு ஃபேன் அதன் மேல் காற்றடித்துக்கொண்டிருந்தது. வந்து உட்கார்ந்த கொசு திரும்பிப் போகவில்லை. இருபது முப்பது கொசு அங்கேயே நின்றுவிட்டது.

"பலாப்பழம் வெட்ன கத்தி மாரி ஒட்டுதுடா" என்று காமாட்சியம்மாள் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள். "காஞ்சிரும்மா" என்று சொன்னான் ரஞ்சித். சனிக்கிழமையும் அதையே சொன்னான்.

உமா வந்து பார்த்து, இங்கே இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

பிள்ளைப்பாக்கத்தில் அந்த வீட்டுக்கு ஒரு ஹால், ஒரு உள்ரூம், ஒரு சமையல்கட்டு. உள்ரூமுக்கு ஷீட் கூரை. பகலில் அதற்குள் பூனைகூடப் படுக்காது. ஹாலுக்குத்தான் தளம் போட்டிருந்தது. அதனால் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வரும் ரஞ்சித் ஆறு வருஷம் ஹாலில்தான் தூங்கினான். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிற கார் கம்பெனிதான். நைட் படி கூட வருகிறதென்று மற்றவன் நைட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தான். ஜன்னல் இரண்டையும் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரத்துக்கு டேப் ஒட்டியிருந்தான். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை அந்த வீட்டில் ராத்திரி.

அந்த ராத்திரிக்குள் மற்றவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். குக்கர் வைப்பதில்லை, விசில் வரும். டிவி ஓடும், சத்தம் இருக்காது. காமாட்சியம்மாள் ஆறு வருஷம் சீரியலை உதடு பார்த்தே தெரிந்துகொண்டாள். எவள் எவளைத் திட்டுகிறாள் என்பதில் அவளுக்கு ஒருநாளும் தப்பு வந்ததில்லை. வாசல் தாழ்ப்பாளுக்கு மாதாமாதம் எண்ணெய் விட்டார்கள். பாப்பா பிறந்தபோதே நைட் ஷிஃப்ட்டு இருந்தது. நடக்க ஆரம்பித்ததும் அதற்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வாசலில் கொலுசைக் கழற்றி கையில் வைத்துக்கொண்டு உள்ளே வருவது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்து மிஸ் உமாவைக் கூப்பிட்டாள். "கொழந்தைக்கு வாய் அசையுது, சத்தம் வரல. காது டெஸ்ட் எடுத்துப் பாருங்க." எடுத்துப் பார்த்தார்கள். காதில் ஒன்றும் இல்லை. தொண்டையிலும் ஒன்றும் இல்லை. அன்று மாலை ரஞ்சித் எழுந்திருக்கும் வரை காத்திருந்து உமா சொன்னாள்: "இது தூங்கற வூடு. இதுல கொழந்த வளராது." பையை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் வேலை பார்க்கிற செல்போன் கம்பெனி பஸ் அங்கேயும் போகிறது.

அதற்குப் பிறகு ரஞ்சித் நாற்பது நைட் போனான். நாற்பத்தொன்றாவது நைட்டில், மூன்று மணி வாக்கில், கை நின்றுவிட்டது. லைனில் அவன் வேலை கதவு கழற்றுவது. பெயிண்ட் அடித்து வரும் கார் உடம்பிலிருந்து கதவை எடுத்து மேலே கொக்கியில் மாட்ட வேண்டும், உள்வேலை முடிந்து அந்தக் கதவு வேறெங்கோ திரும்பப் போய்ச் சேரும். கதவின் முதல் போல்ட்டைக் கழற்றினான், இரண்டாவதைக் கழற்றவில்லை. லைன் நின்றது. சூப்பர்வைசர் ஜெபகுமார் ஓடிவந்து கத்தினான். ரஞ்சித் கையிலிருந்த, போல்ட் கழற்றும் கன்னைக் கீழே வைத்துவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தான்.

கடைசிச் சம்பளமாக வந்த கொஞ்சப் பணத்தில் ஹாலை மாற்ற நினைத்தான். தார்ப்பாயைப் பிரித்துச் சுருட்டி வைத்தான். ஒரகடம் ரோட்டில் பேக்கிங் கட்டை விற்கிற கடையில், வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டிகளின் பலகையைப் பொறுக்கி, ஒரு சோபா அடித்தான். பலகையில் ஏதோ நாட்டு எழுத்து இருந்தது, தேய்த்தும் போகவில்லை. காமாட்சியம்மாள் பழைய பாலியஸ்டர் புடவைகளைக் கிழித்து மெத்தை தைத்தாள். அவர்கள் புதிதாக வாங்கியது கர்ட்டனும் இரண்டு எல்ஈடி பல்பும்தான். சுவருக்கு வரும்போது கையில் ஒன்றும் நிற்கவில்லை. காயலான் கடையில் அரை டிரம் பெயிண்ட் இருந்தது. "கார் பெயிண்ட்பா. மய, வெய்யிலு ஒண்ணும் பண்ணாது. சொவுத்துக்கு அட்ச்சா உன் பேரப்புள்ள காலம் வரிக்கும் நிக்கும்" என்றான் கடைக்காரன்.

ரஞ்சித்துக்கு அந்த நீலம் நன்றாகத் தெரியும். ஒரு நைட்டுக்கு நூறு கதவு அந்த நிறத்தில் அவன் கை வழியாகப் போகும். அவனிடம் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், கை வைத்தால் வழுக்கும். ஆறு வருஷத்தில் ஈரமான பெயிண்டை அவன் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

உமா வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றினாள். பாப்பா உட்கார்ந்து கொலுசைக் கழற்றியது. அப்பா எதிரிலேயே விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் கழற்றியது.

தேவநாதன் முதலில் சோபாவைப் பாராட்டினார். "பரவால்ல மாப்ள, கல்யாண மண்டபத்துல போட்ற மாரி கீது." உட்கார்ந்தார், தலையைப் பின்னால் சாய்த்தார். மறுபடி நிமிரும்போது நாலு நரைமுடி சுவரோடு நின்றுவிட்டது. பின்மண்டை நீலமாகிவிட்டது.

"இன்னா மாப்ள, ஒட்டுது?"

"காஞ்சிரும் மாமா."

இசக்கி சுவர் பக்கத்தில் போய் முகர்ந்தான். விரலால் தொட்டான். அவன் அதே கம்பெனியில் பெயிண்ட் ஷாப், கார் உடம்புக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரிவு. "எண்ணே, இது ஓவன் பெயிண்ட்லா! நூத்தி நாப்பது டிகிரில அரமணி நேரம் வேகணும். சும்மா அடிச்சா ஆயுசுக்கும் காயாது."

"மொதல்லயே சொல்றதுக்கின்னாடா?" என்றான் ரஞ்சித்.

"நீங்க வியாழக்கெழம அடிச்சிய. நான் வியாழன்லேர்ந்து ஓவர்டைம். இப்பந்தான் முழிச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"இப்ப இன்னாதான் பண்றது?"

"வீட்டத் தூக்கிட்டுப் போயி ஓவன்ல வச்சாத்தான் உண்டு."

"கேட்டாண்ட வாட்ச்மேன் வுடுவானா?" என்றார் தேவநாதன், பின்மண்டையைத் தடவிக்கொண்டே. இசக்கி சிரித்துவிட்டான். காமாட்சியம்மாளும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் சிரிப்பவர்களுக்கு அது பழக்கம்.

உமா சிரிக்கவில்லை. "யாரு இத அடிக்கச் சொன்னது?"

"நீதான சொன்ன. பாப்பா இருக்கிற மாரி வூடு வேணும்னு. அதான் நைட்டயும் வுட்டேன். சோபா, கர்ட்டன்னு..."

"நைட்ட வுடுங்கன்னு நா எப்ப சொன்னேன்?"

ரஞ்சித் யோசித்தான். நாலு மாதத்துப் பேச்சை எல்லாம் புரட்டிப் பார்த்தான். அவள் சொல்லவில்லை.

"பாப்பா வாயத் தொறந்து பேசணும்னு சொன்னேன். அத வுட்டுட்டு எல்லாம் பண்ணிக்கினு கீறீங்க. இப்ப எங்க வேல?"

"தண்டலத்துல ஒரு காலேஜ்ல செக்யூரிட்டிக்கு கேட்ருக்கேன்."

"கேட்டு?"

"சொல்றேன்னாங்க."

"சம்பளமும் இல்ல, சொவுரும் காயல."

அவனுக்கே அது சரியென்று பட்டது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்றும் பட்டது.

உமா உள்ளே போய்ப் பழைய பேப்பர் கட்டை எடுத்து வந்தாள். ஒரு தாளை விரித்து சுவரில் வைத்துக் கையால் தேய்த்தாள். தாள் நின்றது. பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். "பசையே வேண்டாம்லா!" என்று இசக்கி ஆச்சரியப்பட்டு அவனும் இரண்டு ஒட்டினான். தேர்தல் செய்தி, நகைக்கடை விளம்பரம், விபத்து, ராசிபலன் என்று நீலம் மறைந்துகொண்டே வந்தது. பாப்பாவிடம் அதன் ஆனா ஆவன்னா சார்ட்டைக் கொடுத்தாள். எட்டுகிற உயரத்தில் பாப்பா ஒட்டியது, கோணலாக. யாரும் சரி செய்யவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. ஜெபகுமார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். ரஞ்சித் கை குழம்பாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், டோர் லைன்ல ஆளே இல்லடா. நைட்டுக்கு வந்துரு. பழைய ஐடி அப்டியேதான் கீது, நா பாத்துக்கறேன். இன்னிக்கே வரியா?"

ரஞ்சித் உமாவைப் பார்த்தான்.

"போங்க. யாரு வேணாம்னாங்க?" என்றாள் உமா, பாப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே.

"வரேன்ணா" என்றான் போனில்.

சாப்பிட்டு முடித்ததும் உமா பாப்பாவின் காலில் கொலுசை மாட்டிவிட்டாள். பாப்பா ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நாலு நடை நடந்தது. சத்தம் கேட்டது. காமாட்சியம்மாள் டிவி போட்டாள். தேவநாதன், பிள்ளைப்பாக்கத்தில் யார் நிலம் எவ்வளவுக்குப் போனது என்று இசக்கியிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இசக்கிக்கு அந்த நிலமும் தெரியாது, ஆளும் தெரியாது, ஆனாலும் "அப்படியா" போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்கு அது ஹால் மாதிரிதான் இருந்தது.

பஸ் ஒன்பது மணிக்கு. ராத்திரி நிற்க வேண்டுமென்றால் இப்போது ஒரு தூக்கம் போட்டாக வேண்டும். ரஞ்சித் ஒன்றும் யோசிக்காமல் உள்ரூமுக்குப் போய் மெத்தைச் சுருளை எடுத்து வந்து, சோபாவுக்குக் கீழே தரையில் விரித்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. காமாட்சியம்மாள் கை தானாக ரிமோட்டை எடுத்து டிவியின் வாயை அடைத்தது. தேவநாதன் ஒரு பேரின் நடுவில் குரலைத் தாழ்த்தினார். இசக்கி நுனிக்காலில் எழுந்து வாசல் பக்கம் போனான். பாப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, ஒரு காலின் கொலுசைக் கழற்றி, மணி ஆடாதபடி உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, அடுத்த காலுக்குப் போனது.

ரஞ்சித் அதைப் பாதி மூடிய கண்ணால் பார்த்தான். இந்த அமைதியை, உழைக்கிறவனுக்கு வீடு தரும் மரியாதை என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். இப்போதும் அது சுகமாகத்தான் இருந்தது. உடம்பு அதற்குள் இறங்கத் தயாராக இருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்க" என்றாள் உமா.

எழுந்தான்.

"இசக்கி, உன் ரூம்ல பகல்ல யாரு படுக்கறா?"

"யாருமில்லக்கா. நாளையிலேர்ந்து எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு."

"இனிமே இவுரு படுப்பாரு. வாடகைல கொறச்சிக்கோ."

"படுக்கட்டும்க்கா. மத்தியானம் ஷீட்டு கொதிக்கும், சொல்லிட்டேன்."

"ஃபேன எட்துனு போவாரு. சொவுருக்கு இனிமே அது எதுக்கு?"

காமாட்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "புருஷன வூட்ட வுட்டு அனுப்பறியா நீ?"

"ஹால வுட்டு அனுப்பறேன் அத்த. துன்றதுக்கு கீழதான் வரணும்."

தேவநாதன் சட்டைப்பையில் பஸ் காசைத் தடவினார். "அப்ப நாம கெளம்பறதா, எப்டிம்மா?"

"நீங்க கெளம்புங்கப்பா. நாளிக்கி வரும்போது என் பைய எட்தாந்துருங்க."

அவள் இருக்கப்போகிறாள் என்பது ரஞ்சித்துக்கு அப்படித்தான் தெரியவந்தது. நாலு மாதமாக வேண்டியது நடந்துவிட்டது. சந்தோஷம் வருமா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். தூக்கம்தான் வந்தது.

மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். ஃபேனைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினான். உமா உள்ரூம் கட்டிலுக்கடியிலிருந்து கறுப்புத் தார்ப்பாயை இழுத்து வந்து அவன் அக்குளில் செருகினாள். "அந்த ஜன்னலுக்கு இது சரியா இருக்கும்."

இசக்கியும் தேவநாதனும் முன்னால் வாசல் இறங்கிவிட்டார்கள். ரஞ்சித் வாசற்படியில் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பாப்பா கிசுகிசுப்பாகக் கேட்டது: "அப்பா தூங்கிட்டாராம்மா?"

"இல்ல. மாடிக்குப் போறாரு. நீ கத்து. எவ்ளோ வேணும்னாலும் கத்து."

பாப்பா கத்தவில்லை. கொலுசை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. ரிமோட் யார் கையில் இருந்ததோ, டிவியில் ஒரு பெண் பெருங்குரலில் அழ ஆரம்பித்தாள்.

கதவு படீரென்று சாத்திக்கொண்டது. எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் போதாதென்று உமா சாவியையும் போட்டாள். அவன் முதுகுக்குப் பின்னால் பூட்டு இரண்டு சுற்று திரும்பியது.