வரப்பு தாண்டிய யூரியா

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் சுமதி தன் முப்பது சென்ட் தீவனப்புல்லையும் அடியோடு அறுத்து முடித்தாள். ஐந்து கறவை மாடுகளுக்கும் அந்தப் புல்தான். அறுத்த கட்டை சீக்கிரம் துளிர்க்க யூரியா வேண்டும். கடையில் பத்து நாளாக இருப்பு இல்லை. அன்றைக்கு லாரி வந்ததும் லெப்பைக்குடிக்காடு கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று ஒரு மூட்டை வாங்கி வந்தாள்.

டிராக்டர் ஓட்டப் போயிருந்த கணவன் அறிவரசன் போன் செய்தான்.

"கிழக்கால கறுத்துக்கிட்டு வருது. இன்னிக்குப் போடாத சுமதி. மழை வெறிச்சதும் போட்டுக்கலாம்."

"தூத்தல் விழுந்தா நல்லதுதானே? கரைஞ்சு வேருக்குப் போயிடும். மூட்டைய வெச்சுக்கிட்டு எத்தன நாளு வானத்தப் பாக்குறது?"

மூட்டை முழுவதையும் ஒரே மூச்சில் வீசி முடித்தாள். கை கழுவும்போது முதல் சொட்டு விழுந்தது. சிரித்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. விழுந்தது தூற்றல் இல்லை, அடைமழை. ஒரு வாரமாக நனைந்து ஊறிக் கிடந்த கரிசல் மண் இனி ஒரு சொட்டும் குடிக்க மாட்டேன் என்றது. வயலில் தேங்கிய தண்ணீர் கீழ்ப்பக்க வரப்பை ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு ஓடியது. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்ணை வாரி வாரி அடைத்தாள். அடைத்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது தண்ணீர்.

கீழ் வயல் நைனா முகமதுவுடையது. இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். நாற்பது ஆடு வைத்திருந்தார். அவரும் அதே வாரம்தான் புல் அறுத்திருந்தார். யூரியாவைத் தொட மாட்டார். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊற வைத்து ஒரு கரைசல் தயாரித்துத் தெளிப்பார். அந்த வாடைக்கு அவர் மனைவி ஷரீபாவே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத வூட்டுக்குள்ள கொண்டாந்தீங்க, நான் எங்க உம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்பாள்.

மூன்று வாரம் போனது. சுமதியின் புல் வெளிறி, முழங்கால் உயரத்தில் நின்றது. நைனாவின் புல் இடுப்பைத் தாண்டி, கரும்பச்சையாக, இலை அகலமாக ஆடியது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. புல்லுக்கு நடுவே நின்று போனில் வீடியோ எடுத்துப் போட்டார். வரப்பில் சுமதியைப் பார்த்ததும் விடவில்லை.

"பாத்தியாம்மா? உப்பு உரத்தப் போட்டுப் போட்டு மண்ணக் கெடுத்துட்ட. நம்ம மீன் கரைசல் என்ன வேலை பண்ணிருக்கு பாரு! சனிக்கிழமை ரஞ்சன்குடியிலேருந்து மகளிர் குழு இருபது பேரு பாக்க வராங்க."

"சரிங்க பாய்" என்று மட்டும் சொன்னாள். மாடுகளுக்குப் போட வைக்கோல்தான் மிச்சம். பாலும் குறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை மோட்டார் கொட்டகைக் கூரையில் ஓடு நகர்ந்திருந்ததைச் சரி செய்ய ஏறினாள். தற்செயலாகக் கீழ் வயல் பக்கம் திரும்பியவள் ஓட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நைனாவின் வயல் முழுக்கப் பச்சை இல்லை. அவளுடைய வரப்பு உடைந்த இடத்திலிருந்து விசிறி விரித்தது போலப் பச்சை அகன்று போயிருந்தது. தண்ணீர் ஏறாத இரண்டு மூலைகளும் அவள் புல்லைப் போலவே வெளிறிக் கிடந்தன. மூலைக்கும்தான் மீன் கரைசல் தெளித்தார்; அவளே பார்த்திருந்தாள்.

"அட, என் யூரியா!"

அறிவரசன் கீழே நின்று கேட்டுவிட்டுக் கைதட்டினான். "இருபது பேரு வரட்டும். எல்லாரு முன்னாடியும் கூரைமேல ஏத்திக் காட்டு. பாய் மொகத்தப் பாக்கணுமே!"

சுமதிக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த நினைப்போடுதான் கீழ் வயலுக்கு நடந்தாள். அங்கே ஷரீபா இருபது பேருக்கும் டீ போட அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நைனா புதுச் சட்டை போட்டு, பேசப் போவதைத் தாளில் எழுதி, ஒரு ஆட்டுக்குட்டியிடம் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சுமதியின் கோபம் இறங்கிவிட்டது.

"பாய், அவங்க வரதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எங்கூட வாங்க."

நைனா கொட்டகை ஏணியில் ஏறி நின்றார். விரிந்து போன பச்சையைப் பார்த்தார், உடைந்து மறுபடி அடைத்த வரப்பைப் பார்த்தார்.

"அன்னிக்கு மழையில போட்டியா?"

"ஒரு மூட்டையும் போட்டேன். தப்பு என்னுதுதான். ஊறிக் கெடந்த மண்ணுல, மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சே போட்டேன்."

"யா அல்லா! ஊரு பூரா வீடியோ போட்டுட்டேனே!" என்று தலையில் கை வைத்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். ஏணி ஆடியது. கீழே பிடித்துக்கொண்டிருந்த அறிவரசனும் சிரித்தான்.

மகளிர் குழு வந்து இறங்கியது. நைனா எழுதி வைத்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா அது தப்பு. இவங்க சொல்றதக் கேளுங்க" என்று சுமதியை முன்னால் நிறுத்தினார்.

அவள் கூட்டத்தில் பேசியதே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிறகு வயலில் இறங்கிக் குதிகாலை அழுத்திக் காட்டினாள். குழியில் தண்ணீர் ஊறியது.

"இப்படித் தண்ணி ஊறுனா போடாதீங்க. குழி ஈரமா இருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது. வானமும் ரெண்டு நாளைக்கு வெளிவாங்கி இருக்கணும். அதுலயும் பாதிதான் போடணும், மீதி அப்புறம். நான் மொத்தத்தையும் போட்டு பாயோட ஆட்டுக்குத் தீனி போட்டேன்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி எழுந்து, "எங்க வூட்லயும் போன வருஷம் இதே கதைதான். கீழ் வயக்காரன் இன்னும் சொல்லவே இல்ல!" என்றாள்.

அவர்கள் போனதும் நைனா ஒரு அரிவாளைக் கொண்டுவந்து சுமதியிடம் நீட்டினார். "பச்சையா இருக்கிறதுல பாதி உன்னோடது. உன் புல்லு எழும்புற வரைக்கும் தினம் வந்து அறுத்துக்க. உன் மாடு பசியில நிக்க, என் ஆடு மட்டும் தின்னா எனக்கு ஹலால் ஆகாதும்மா."

சுமதி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஷரீபா விடவில்லை, முதல் கட்டை அவளே தூக்கி சுமதியின் தலையில் வைத்தாள்.

அடுத்த வாரம் கடைக்கு யூரியா வந்தபோது வரிசையில் சுமதிக்குப் பின்னால் நைனாவும் நின்றார். "மூலையில மட்டும் போட்டுப் பாக்கலாம்னு" என்றவர் வாங்கிய மூட்டையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். தன் வீடியோவைப் பார்க்கிறவர்கள் யாரும் எதிரே வந்துவிடுவார்களோ என்ற பயம்.

மழை விட்டு மூன்றாம் நாள், நல்ல வெயில். மண் குதிகாலுக்குக் குழிந்தது, தண்ணீர் ஊறவில்லை. மேல் வயலில் சுமதியும் கீழ் வயலின் மூலைகளில் நைனாவும் பாதி உரத்தை மட்டும் வீசினார்கள். போட்ட நாலாம் நாள் விடியற்காலையில் சின்னத் தூறல் போட்டது. சுமதி எழுந்து கதவைத் திறந்து பார்த்தாள். வாசலில் தண்ணீர் ஓடவில்லை, மண் வாசம் மட்டும் வந்தது. அறிவரசனை எழுப்பாமல், பால் கறக்கச் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.