வலது பக்கத்துப் பிழைகள்

“இடது பக்கம் தப்பு, வலது பக்கம் திருத்தம்னு போட்டிருக்கீங்க. அறுபத்துமூணு இடத்துல இடது பக்கம்தான் சரி சார். நீங்க திருத்தினதுதான் தப்பு.”

பள்ளி முதல்வர் அம்மாள், தன் பள்ளியில் பாடமாக வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்த இரண்டாம் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. எதிரே இருந்த கிராமர் சார் முகத்தில் ஈயாடவில்லை. தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி, வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

ஆங்கில வாக்கியங்களில் சகஜமாக வரும் பிழைகளைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது கிராமர் சாரின் பிழைப்பு. வீட்டு முன்னறையில் இருபது நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. அவருடைய முதல் புத்தகம் சக்கைப்போடு போட்டது. தப்பு வாக்கியங்கள் எல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து அப்படியே வந்த மாதிரி இருக்கின்றன என்று எல்லோரும் மெச்சினார்கள். எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டால், “ராப்பகலா யோசிக்கிறதுதான்” என்பார்.

பச்சைப் பொய். அத்தனையும் அவர் மனைவி பேசியவை. வங்கியில், கடையில், தொலைபேசியில் அவள் தடுமாறும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து குறிப்பேடு வெளியே வந்துவிடும். வகுப்பில் அவர் அதை வாசிக்க, பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு சமையலறைவரை கேட்கும்.

முதல் புத்தகத்தின் அச்சுப்படியை, தன் கையெழுத்துப் படியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கச் சொல்லி அவளிடமே கொடுத்திருந்தார். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: ‘மை மதர் இஸ் ஹேவிங் நோ ப்ரெத்.’ அம்மாவுக்கு மூச்சு நின்றபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸைப் பார்த்து அவள் கத்தியது. பின்னால் நின்ற மனுஷன் அன்றைக்கு அவள் தோளைத் தொடவில்லை. குறிப்பேட்டைத் தேடியிருக்கிறார்.

அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமியெல்லாம் வேண்டாம். அவருடைய அடுத்த புத்தகம் வந்தால் போதும்.

முன்னறையைப் பெருக்கும் நேரத்தில், அலமாரியிலிருந்த தடித்த இலக்கணப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். கிராமர் சார் அவற்றை வாங்கி அடுக்கினாரே தவிரப் பிரித்ததில்லை. இரண்டு வருஷம் கழித்து, அவர் காதுபடப் பேச ஆரம்பித்தாள். காதுக்குத் தப்புப் போலிருக்கும். இலக்கணப்படி பார்த்தால் சுத்தமான வாக்கியம். ஒரு மாணவியின் தாயிடம் தொலைபேசியில், ‘ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ’ என்றாள், வேண்டுமென்றே கொஞ்சம் திக்கி. ‘வுட் ராதர் யூ’ என்றால் பின்னால் ‘கேம்’தான் வரவேண்டும் என்பது இலக்கணம்.

“நாளைக்கு வர்றதுக்குக் ‘கேம்’மா? நீ இந்த ஜென்மத்துல திருந்தமாட்டேடீ!”

வயிறு குலுங்கச் சிரித்தபடி எழுதிக்கொண்டார். அலமாரிப் பக்கம் போய் ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று தோன்றவில்லை. பெண்டாட்டி பேசினால் தப்பாகத்தான் இருக்கும், அதற்கு இலக்கணப் புத்தகம் வேறு எதற்கு? இரண்டாம் புத்தகத்துக்கும் அச்சுப்படி பார்த்தவள் அவள்தான். ஒரு கால்புள்ளி விடாமல், அவர் எழுதியது எழுதியபடி வருமாறு பார்த்துக்கொண்டாள்.

கிராமர் சார் இப்போது தொண்டையைச் செருமினார்.

“அது வந்து மேடம்... அந்த வாக்கியமெல்லாம் என்னோடது இல்ல. இவ பேசினது. படிக்காதவ, வாய்க்கு வந்ததைப் பேசுவா. நம்பி எடுத்துப் போட்டுட்டேன்.”

புகழில் கொடுக்காத பங்கைப் பழியில் தாராளமாகக் கொடுத்தார். முதல்வர் அம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“எல்லாம் நீங்க பேசினதாம்மா?”

“ஆமா மேடம். மொதப் புத்தகத்துல இருக்கிறதும் நான் பேசினதுதான். அப்ப தப்பாப் பேசினேன். இப்ப சரியாப் பேசறேன்.”

“அப்போ அறுபத்துமூணுலயும் இவங்க பேசினது சரி. தப்புன்னு எழுதினது நீங்க.” முதல்வர் அம்மாள் எழுந்தார். “இதைப் பாடமா வெக்க முடியாது சார். மத்த ஸ்கூல்லயும் கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.”

அவர் போன பிறகு வாசற்கதவு திறந்தே கிடந்தது. தெருவே சிரிக்கப்போகிறது, இருபது நாற்காலியும் காலியாகப்போகிறது என்று கிராமர் சாருக்குப் புரிந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார்.

“தெரிஞ்சேதானே பண்ணினே? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவளுக்கு இரக்கம் துளியும் வரவில்லை. நெஞ்சு குளிர்ந்திருந்தது.

“சொன்னேனே. அறுபத்துமூணு தடவை சரியாச் சொன்னேன். நீங்கதான் சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டீங்க.”