ஐந்து பேருக்கு ஓர் இதயம்

ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சேதுராமனுக்கு முகங்கள் நினைவில் நிற்காது, நெஞ்சுகள் நிற்கும். கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக் குசலம் விசாரிப்பவனை யாரென்று தெரியாமல் விழிப்பார். அவனே சட்டையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தால், காதில் குழாயை மாட்டிய மறுநொடி, "போன வருஷம் காய்ச்சல்ல படுத்தவன்தானே நீ?" என்பார். இருபது வருஷம் வெள்ளைக்கார டாக்டர்களுக்குப் பின்னால் நடந்து சம்பாதித்த காது அது. அந்தக் காதுதான் வினையையும் இழுத்துவந்தது.

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவன் ஒருவன்கூடத் திரும்பவில்லை. மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் வாரா வாரம் சோதனை நடக்கும். ஜப்பானிய மொழி தெரிந்த கிராணி யூனுஸ் லிஸ்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார், தலையைத் தூக்கமாட்டார். வந்தவனின் நெஞ்சில் சேதுராமன் குழாயை வைப்பார். நல்ல நெஞ்சென்றால் ரயில். கெட்ட நெஞ்சென்றால் 'ஆகாது' என்று ஒரு சூராட். அந்தத் துண்டுக் காகிதத்துக்காக ஊரே ஏங்கிக் கிடந்தது.

முதல் வாரம் பொன்னுதுரை என்ற பெயரில் ஒரு நெஞ்சு வந்தது. இரண்டு துடிப்புக்கு நடுவே, ஈர மரத்தை அரத்தால் ராவுவதுபோல ஒரு கரகரப்பு. சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்துக் கதவைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பாவம் என்று 'ஆகாது' எழுதினார். அடுத்த வாரம் அதே கரகரப்பு ஜெயபாலன் என்ற பெயரில் வந்தது. மாணிக்கவாசகம் என்று மூன்றாம் முறை வந்தபோது சேதுராமன் குழாயை எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். ஒடிசலான ஆள், உதடு நீலம் பாரித்திருந்தது. அவனும் அவரைப் பார்த்தான். சேதுராமன் 'ஆகாது' என்று எழுதினார். நாலாம் முறை பூங்காவனமாக வந்தான், போனான்.

விசாரித்ததில் அவன் பெயர் அப்பாசாமி என்று தெரிந்தது. கோயிலுக்குப் பின்னால் வாடகை அறை, மனைவி பொன்னம்மா, பிள்ளை இல்லை. லிஸ்டில் பெயர் வந்தவர்களுக்குப் பதிலாகப் போய்த் தன் நெஞ்சைக் காட்டிவிட்டு வருவான். கூலி, ஒரு குவளை அரிசி.

பிடித்துக் கொடுத்திருந்தால் அப்பாசாமியின் தலை போயிருக்கும். பேசாமல் இருந்ததால் நாலு தலை தப்பியது. நம் டிரெஸ்ஸர் அதுவரை நல்லவர்தான். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அது வந்தது. ஐந்தாம் வார லிஸ்டில் அவருடைய தம்பி கருணாகரனின் பெயர் இருந்தது.

அதே வாரம் புதிதாக ஒரு ஜப்பானிய ராணுவ டாக்டரும் வந்து சேர்ந்தான். மலாக்கா கூலிகளுக்கு மட்டும் எப்படி இத்தனை நெஞ்சு கெட்டுப்போகும் என்று கேட்டான். இனிக் குழாய் கடைசியில்தான். முதலில் பெஞ்சில் நாற்பது முறை ஏறி இறங்க வேண்டும். முன்னும் பின்னும் நாடி, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி நாடி. பழைய நிலைக்கு இறங்கினால் ஆள் ரயிலுக்கு. அவன் கண் முன்னாலேயே எல்லாம் நடக்கவேண்டும்.

முறை ஒன்றும் தப்பில்லை. வெள்ளைக்கார டாக்டரும் அப்படித்தான் பார்ப்பார். ஆனால் அப்பாசாமியின் நெஞ்சுக்கு நாற்பது படி எமன் என்று சேதுராமனுக்குத் தெரியும். தெரிந்துதான் அன்று சாயங்காலம் இரண்டு குவளை அரிசியோடு அவன் அறைக்குப் போனார். இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

"இந்தத் தடவை எந்தம்பி கருணாகரன் பேருல பெஞ்சு ஏறணும்பா. பத்துத் தடவை ஏறு, மூச்சு முட்டுதுன்னு உட்கார்ந்திரு. மத்தத நான் பார்த்துக்கிறேன்."

அப்பாசாமி சிரித்தான். "சரிங்கய்யா. ஒண்ணுக்கும் உதவாத நெஞ்சு. நாலு பேருக்காச்சும் உதவட்டுமே."

"உன் பேருக்கு ஒரு சூராட் வாங்கி வச்சிட்டியா?"

"எம் பேருதான் லிஸ்டுலயே வரலையேய்யா. என்னை யாரு கூப்பிடப் போறா?"

பொன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. அரிசியைத் தொடவும் இல்லை. "பத்துக்கு மேல ஏற விடமாட்டீங்கல்ல, டிரெஸ்ஸரய்யா?" என்று கேட்டாள். விடமாட்டேன் என்று சேதுராமன் சொன்னார்.

மறுநாள் காலை யூனுஸ் "கருணாகரன்" என்று வாசித்தார். அப்பாசாமி எழுந்தான். ராணுவ டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு எண்ணினான். பத்தாவது படியில், சொன்னபடியே, அப்பாசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டாக்டர் பூட்ஸ் காலால் பெஞ்சை உதைத்தான்.

"நடிக்கிறானாம். ஏறச் சொல்றாரு" என்றார் யூனுஸ்.

அப்பாசாமி ஏறினான். பதினைந்து. இருபது. உதட்டின் நீலம் கன்னத்துக்குப் பரவியது. சேதுராமன் முன்னே வந்து, "இவனுக்கு நிஜமாவே இருதயம் கெட்டிருக்கு, நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

யூனுஸ் சொன்னார். டாக்டர் மெதுவாகத் திரும்பிப் பார்த்துக் கேட்டதை யூனுஸ் தமிழில் சொன்னார். "நீங்க இன்னும் குழாயே வைக்கலையே, எப்படித் தெரியும்னு கேக்கறாரு."

இவன் நெஞ்சை நாலு தடவை கேட்டிருக்கிறேன் என்று சொன்னால் அப்பாசாமி பிழைப்பான். அப்புறம் அந்த நாலு பேரும், தம்பியும், நானும் தொலைந்தோம். சேதுராமன் யோசித்தார். அவர் யோசித்த நேரத்தில் அப்பாசாமி இன்னும் பதினொரு படி ஏறினான். முப்பத்தொன்றாவது படியில் காலைத் தூக்கியவன், தூக்கிய காலோடு பக்கவாட்டில் சாய்ந்தான். குழாயை வைக்க வேண்டிய நேரம் அப்போதுதான் வந்தது. வைத்தார். கரகரப்பு இல்லை. ஒன்றுமே இல்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போக வாசலில் காத்திருந்த பொன்னம்மா ஓடிவந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது. டாக்டர் லிஸ்டைப் பார்த்தான், பிணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஆள் மாறாட்டம் நடப்பதாக அவன் காதிலும் யாரோ ஊதியிருக்க வேண்டும்.

"உம் புருஷன் பேரு என்னன்னு கேக்கறாரும்மா."

அவள் பேசவில்லை. "எங்க பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்லமாட்டாங்க, வழக்கமில்ல" என்று யூனுஸ் எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். டாக்டர் இடுப்பு வாளின் பிடியில் கையை வைத்துக் கத்தினான்.

அவள் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் ஆறு உயிர் தொங்கியது. பொன்னம்மா சேதுராமனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுகிற பார்வையில்லை. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று திகைத்த பார்வை. கட்டினவன் பெயரைக் கனவிலும் சொல்லியறியாத வாய், தெளிவாக, எல்லாரும் கேட்கச் சொன்னது.

"கருணாகரன்."

டாக்டர் லிஸ்டில் ஒரு கோடு போட்டான்.

அப்பாசாமியை வேறு பெயரில் எரித்தார்கள். கொட்டகையில் கருணாகரனின் விதவையாக நின்றவள், தெருவில் அப்பாசாமியின் மனைவியாகக் குங்குமத்தோடு நடமாட வேண்டியிருந்தது. தாலியைக் கழற்றவும் முடியவில்லை, வாய்விட்டு அழவும் முடியவில்லை. உயிரோடு இருந்த கருணாகரனுக்கோ அரிசி கார்டு ரத்தாகிவிட்டது. புக்கிட் ரம்பாயில் ஒரு ரப்பர் கொட்டகையில் ஒளிந்துகொண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். சேதுராமன் சோற்றில் கையை வைத்தால் அந்த முப்பத்தொன்றாவது படி கண்ணில் வந்து நிற்கும். ஆனாலும் தம்பி பிழைத்தான் என்று ஒரு மூலையில் மனம் ஆறத்தான் செய்தது. அதற்கும் ஆயுள் மூன்றே வாரம்.

புது லிஸ்ட் வந்தது. யூனுஸ் வாசித்த பெயர்களில் நாலாவது, அப்பாசாமி.

வராவிட்டால் போலீஸ்காரர்கள், மாத்தா-மாத்தா, வீட்டுக்குப் போய்ப் பொன்னம்மாவைப் பிடிப்பார்கள். பிடித்தால், கருணாகரன் என்று சொன்னவள் இவள்தான் என்று டாக்டர் கண்டுகொள்வான். சேதுராமன் ரப்பர் கொட்டகைக்கு ஓடினார். இன்னும் உள்ளே, காட்டுப் பக்கம் போய்விடு என்று சொல்லத்தான் ஓடினார். கருணாகரன் கேட்டுவிட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டான்.

"எம் பேருல அவரு செத்தாரு, அண்ணே. அவரு பேருல நான் போறேன்."

"டேய், உனக்கு நல்ல நெஞ்சுடா. பெஞ்சு ஏறினா விடமாட்டான்டா!"

"அந்த அக்காவை இழுத்துட்டுப் போறத நான் காட்டுக்குள்ள உட்கார்ந்து கேக்கவா?"

சோதனை நாளன்று ராணுவ டாக்டர் நாடியைச் சேதுராமனிடம் விடவில்லை. தானே மணிக்கட்டைப் பிடித்தான். அறுபத்தெட்டு. கருணாகரன் நாற்பது படியும் கல்யாணப் பந்தலில் ஏறுகிறவன்போல ஏறி இறங்கினான். நூற்று இருபது. இரண்டு நிமிஷம் கழித்து எழுபது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்து, சேதுராமனை நோக்கி விரலை அசைத்தான்.

சேதுராமன் குழாயைத் தம்பியின் நெஞ்சில் வைத்தார். கரகரப்பில்லை, தடுமாற்றமில்லை. இருபது வருஷத்தில் இத்தனை சுத்தமான சத்தத்தை அவர் கேட்டதில்லை. பேனா இரண்டு முறை நழுவியது. யூனுஸ் எடுத்துக் கொடுத்தார். அப்பாசாமி என்ற பெயருக்கு நேரே எழுதினார்: 'இருதயம் நன்றாக இருக்கிறது.'